ஆண்தன்மையை ஆராயத் தொடங்குபவர்களுக்கு: கோலாலம்பூரிலிருந்து ஒரு வழிகாட்டி

முதல் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் பல்கலைக்கழக மாணவர், குடும்பநல அமைப்பிலோ இளைஞர் மன்றத்திலோ வேலை பார்க்கும் சமூகப் பணியாளர், பள்ளியில் பையன்களோடு தினமும் மல்லுக்கட்டும் ஆசிரியர். இந்த மூவரையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மூவரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: நம் ஆண்களைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொள்ள எங்கிருந்து தொடங்குவது?

மலேசியத் தமிழர்களைப் பற்றி எழுதியவர்கள் ஆண்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளி, தொழிற்சங்கத் தலைவர், குடிகாரர், குண்டர் கும்பல் இளைஞர் என்று எல்லாரும் அந்தப் பக்கங்களில் வருகிறார்கள். ஆனால் அவர் ஓர் ஆணாக வளர்க்கப்பட்டவர், ஆணாக இருக்கச் சொல்லி ஊரும் உறவும் நெருக்கிக்கொண்டே இருக்கின்றன என்பதை யாரும் தனிக் கேள்வியாக எடுத்ததாகத் தெரியவில்லை. இந்தத் துறை தொடங்குவது அந்த இடத்தில்தான்.

ஒரே ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. ஆம்பளை என்றால் யார் என்று எந்த ஆணிடமும் கேட்காதீர்கள். அவருடைய ஆம்பளைத்தனம் சோதனைக்கு வந்த ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள். அன்று யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மேடைப் பேச்சுதான் பதிலாக வரும். இரண்டாவதற்கு வாழ்க்கை வரும்.

முதல் படி: இரண்டு வாசலிலும் நுழையுங்கள்

உளவியல் வழியாகவும் இந்தத் துறைக்கு வரலாம், சமூகவியல் வழியாகவும் வரலாம். ஒன்றில் நுழைந்தவர் மற்றதை எட்டிக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிடுவது இங்கே சகஜம். அப்படிச் செய்யாதீர்கள்.

உளவியலில் கதை அளவுகோலில் தொடங்குகிறது. 1936இல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மனும் கேத்தரின் காக்ஸ் மைல்ஸும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கோட்டின் இந்த முனையில் ஆண்தன்மை, அந்த முனையில் பெண்தன்மை. ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும். அந்தக் கோடு பல பத்தாண்டுகள் நின்றது. 1974இல் சாண்ட்ரா பெம் 60 பண்புகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்து, இரண்டும் தனித்தனி அளவுகள், ஒரே ஆளிடம் இரண்டும் உயர்ந்திருக்கலாம் என்று காட்டினார். உறுதியும் கனிவும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பது நம் வீட்டுத் தாத்தாக்களைப் பார்த்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் அறிவியல் அங்கே வந்துசேர அத்தனை காலம் பிடித்தது.

1981இல் ஜோசப் பிளெக் கேள்வியையே மாற்றிப்போட்டார். ஆணிடம் எதிர்பார்க்கப்படுபவை ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பெரும்பாலான ஆண்களால் அவற்றை எட்ட முடிவதில்லை. எட்டியவர்களும் அதற்கு விலை கொடுக்கிறார்கள். இதை ஆண் பாத்திரத்தின் இறுக்கம் என்று சொல்லலாம். இதைத் தொட்டுக்கொண்டுதான் ஜேம்ஸ் ஓனீல் 1986இல் 37 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். வெற்றி, அதிகாரம், போட்டி ஆகியவற்றின் மேல் உள்ள வெறி. உணர்ச்சியை வெளிக்காட்டத் தயக்கம். மற்ற ஆண்களிடம் அன்பைக் காட்டத் தயக்கம். வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே இழுபறி. இந்த நான்கையும் அது அளக்கிறது.

என் விதிக்கு அடித்தளம் போட்டவர்கள் ஜோசப் வாண்டெல்லோவும் ஜெனிஃபர் பாஸனும். ஆண்மை என்பது பாடுபட்டுச் சம்பாதிக்க வேண்டியது, எளிதில் பறிபோகக்கூடியது, அதனால் பிறர் கண்முன் திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியது என்று அவர்கள் 2008இல் வாதிட்டார்கள். அவர்கள் குழு அடுத்து நடத்திய ஒரு சோதனையை மட்டும் சொல்கிறேன். கல்லூரி ஆண்களில் சிலரை ஒரு பொம்மைத் தலையின் கூந்தலைப் பின்னச் சொன்னார்கள். வேறு சிலரைக் கயிற்றைப் பின்னச் சொன்னார்கள். விரல் வேலை இருவருக்கும் ஒன்றேதான். பிறகு, குத்துச்சண்டைப் பையைக் குத்துகிறீர்களா, புதிர் போடுகிறீர்களா என்று கேட்டபோது, கூந்தல் பின்னியவர்களே அதிகமாகக் குத்தும் பக்கம் போனார்கள். கையில் இருந்தது கூந்தல் என்பது ஒன்றே அவர்களை எதையோ மீட்டெடுக்கும் நிலைக்குத் தள்ளியது. பையன்களுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

சமூகவியல் பக்கம் தவிர்க்கவே முடியாத பெயர் ஆஸ்திரேலியரான ரெய்வின் கான்னல். 1985இல் டிம் கேரிகன், ஜான் லீ ஆகியோருடன் எழுதிய கட்டுரையிலும், பிறகு 1995இல் வந்த நூலிலும் கான்னல் சொன்னது இது: ஆண்தன்மை ஒன்றல்ல, பல. அவற்றுக்குள்ளேயே மேல் கீழ் உண்டு. ஒரு காலத்தில், ஓர் இடத்தில் மதிப்புப் பெற்று, ஆண்கள் பெண்களுக்கு மேலே இருப்பதை இயல்பானதாகக் காட்டுவது ஆதிக்க ஆண்தன்மை. அந்த இலட்சியத்தை எட்டாமலே அதன் பலனை அனுபவிப்பவர்கள் உடந்தையானவர்கள். ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களைப் போலக் கீழே தள்ளப்பட்டவர்கள் ஒரு வகை. இனத்தாலும் வர்க்கத்தாலும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்கள் இன்னொரு வகை. 2005இல் ஜேம்ஸ் மெஸ்ஸர்ஷ்மிட்டோடு சேர்ந்து தன் கருத்தைத் தானே மறுபரிசீலனை செய்து, உள்ளூர், வட்டாரம், உலகம் என்று மூன்று மட்டங்களிலும் பார்க்கச் சொன்னார். 1995ஐ மட்டும் படித்துவிட்டு 2005ஐ விட்டுவிடுபவர்கள் பலர். இரண்டையும் படியுங்கள்.

புதியவர்கள் இங்கே வழக்கமாகச் சறுக்குகிறார்கள். ஆதிக்க ஆண்தன்மை என்றதும் மனைவியை அடிக்கும் ஒரு முரடனை நினைத்துக்கொள்கிறார்கள். கோலாலம்பூரில் அந்த இலட்சியம் பெரும்பாலும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, இனிமையாகப் பேசி, கோயில் திருப்பணிக்கு நன்கொடை தருகிறது. எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் ஆள் யார் என்று தேடுங்கள். எல்லாரும் பயப்படும் ஆள் வேறு கதை.

இரண்டாம் படி: மிதிவண்டியிலிருந்து தொடங்குங்கள்

வெளிநாட்டுக் கோட்பாட்டைப் படித்த கையோடு நேர்காணலுக்குக் கிளம்பிவிடக் கூடாது. நம் ஆண்கள் எந்தச் சோதனைகளின் வழியாக இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது தெரியாவிட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வதில் பாதி புரியாது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது இன்னொன்று. பெண் தொழிலாளர்கள் மேல் கை வைப்பதை நிறுத்த வேண்டும் என்றும் கேட்டார்கள். அவற்றோடு ஒன்றாக, வெள்ளைக்கார மேலாளரான துரையோ தோட்டத்து எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டிய கட்டாயம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள்.

கூலிக் கணக்கோடு மிதிவண்டி ஏன் சேர்ந்தது? ஒருவர் பின்னால் மகனை உட்கார வைத்துக்கொண்டு வருகிறார். எதிரே கிராணி வருகிறார். அவர் இறங்க வேண்டும். மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். சோதனையும் சாட்சியும் ஒரே இடத்தில். கான்னல் சொல்லும் ஓரங்கட்டப்பட்ட ஆண்தன்மையை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். பெண்களின் பாதுகாப்பும் அதே பட்டியலில் இருக்கிறது. அது பெண்களின் உரிமைக்குரலா, நம் பெண்களை நாம் காக்க முடியவில்லையே என்ற ஆண்களின் அவமானமா, இரண்டுமேயா? விடையை முன்கூட்டி முடிவு செய்யாமல் படியுங்கள்.

அடுத்தது கள்ளு. தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பளத்தில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போனது. குடி ஆண்களின் பலவீனம் என்று பேசி முடித்துவிடுகிறவர்கள், 1946-47இல் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படையைப் படிக்க வேண்டும். தோட்டத்து ஆண்களே அணிவகுத்து, குடிக்காதே என்று சொல்லி, கள்ளுக்கடைக்கு எதிராக நின்றார்கள். குடித்துக் காட்டுவது ஒரு வகை ஆம்பளைத்தனமாக இருந்த அதே மண்ணில், குடியை விடுவதும் ஓர் ஆம்பளைத்தனமாக ஆனது. ஆண்தன்மை மாறாத பொருள் என்று சொல்பவர்களுக்கு இதை எடுத்துக் காட்டலாம்.

ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு 1942, 1943இல் ஆண்கள் கொண்டுபோகப்பட்டதும், எஞ்சிய வீடுகளைப் பெண்கள் தாங்கியதும் தனியாகப் படிக்க வேண்டியவை. 1943இல் இந்திய தேசிய இராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தியதையும் விட்டுவிடாதீர்கள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், அங்கிருந்து அடுக்குமாடி வீடுகளுக்கும் நகர்ந்த கதை. கோலாலம்பூரில் நீங்கள் சந்திக்கப்போகும் பலரின் அப்பாவோ தாத்தாவோ அந்த லயத்தில் பிறந்தவர். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்தார். அடுக்குமாடியில் கதவு மூடியிருக்கிறது. சாட்சிகள் மாறினார்கள் என்றால் சோதனையும் மாறியிருக்க வேண்டும் அல்லவா?

இதையெல்லாம் எங்கே படிப்பது? மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இயங்கும் இந்திய ஆய்வியல் துறையின் ஆய்வேடுகளில் தொடங்குங்கள். பினாங்கில் இருப்பவர்களுக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மகளிர், பாலின ஆய்வு மையமான கனித்தா இருக்கிறது. பழைய நாளிதழ்களை விடாதீர்கள். 1924இல் தொடங்கி 2019 வரை வந்த தமிழ் நேசன் ஒரு சுரங்கம். தலையங்கத்தைவிட வாசகர் கடிதம், மணமகன் தேவை விளம்பரம், இரங்கல் அறிவிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். ஓர் ஆணை எந்தச் சொல்லால் புகழ்ந்தார்கள், மாப்பிள்ளைக்கு என்ன தகுதி கேட்டார்கள் என்பது பத்தாண்டுக்குப் பத்தாண்டு மாறுவதை அங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

'மலேசியத் தமிழ் ஆண்களின் ஆண்தன்மை' என்பது தலைப்பு ஆகாது. ஓர் இடம், ஒரு வயது, ஒரு சோதனை என்று குறுக்குங்கள். சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு வேலையை விட்ட ஆண்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள்? 2023 ஜனவரி முதல் தனியார் துறை அப்பாக்களுக்குச் சட்டப்படி கிடைக்கும் 7 நாள் விடுப்பை இளம் தந்தைகள் எடுக்கிறார்களா, எடுத்தால் அந்த 7 நாளும் எப்படிப் போகின்றன, அலுவலகத்தில் மற்ற ஆண்கள் என்ன சொன்னார்கள்? உறுமி மேளக் குழுவில் ஒரு பையனுக்கு எப்போது மரியாதை கிடைக்கிறது? இவை ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டைத் தாங்கும்.

நான்காம் படி: அனுமதி, ரகசியம், ஆபத்து

பல்கலைக்கழக மாணவர்கள் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வருவதற்கு முன் ஒரே ஒரு நேர்காணலும் எடுக்கக் கூடாது. மற்றவர்களும் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலாயில் இருந்தால் அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். படிக்காமல் போட்ட கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

நம் சமூகம் சின்னது. மலேசியர்களில் இந்தியர்கள் 7 விழுக்காடுகூட இல்லை. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். 'பத்துமலைப் பக்கம் வசிக்கும் ஐம்பது வயது லாரி ஓட்டுநர், இரண்டாவது மகள் மருத்துவர்' என்று எழுதினால், அவர் யார் என்று கோயில் வட்டாரமே சொல்லிவிடும். தொழிலை மாற்றாமல் இருக்க வேண்டும் என்றால் ஊரை மாற்றுங்கள். பிள்ளைகளின் விவரத்தை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். ஆண்களிடம் தோல்வியைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். சிலர் சாகலாம் என்று நினைத்த இரவைப் பற்றிச் சொல்வார்கள். உலகெங்கும் தற்கொலை செய்துகொள்பவர்களில் ஆண்களே அதிகம். இந்த நாட்டில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்க நாடாளுமன்றம் வாக்களித்தது 2023இல்தான். அதற்கு முன் வாயைத் திறந்தால் போலீஸ் வருமோ என்ற பயம் இருந்தது. அந்தப் பயம் இன்றும் பலருக்குப் போகவில்லை. சட்டம் மாறிவிட்டது என்று சொல்லுங்கள். மனம் உடைந்தவர்கள் பேச்சைக் கேட்கும் தொண்டு அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரின் 03-7627 2929 என்ற எண்ணையும், சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555ஐயும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பேசும் எல்லாருக்கும் கொடுங்கள். கலங்கியவருக்கு மட்டும் கொடுத்தால் அவருக்கு அது அவமானமாகிவிடும்.

ஐந்தாம் படி: ஆட்களைத் தேடுதல்

சங்கத் தலைவரிடம் போனால் அவர் தனக்குப் பிடித்த ஐந்து பேரை அனுப்புவார். ஐந்து பேரும் ஒரே மாதிரி பேசுவார்கள். மெல்லப் பழகி உள்ளே போகக்கூடிய இடங்களைத் தேடுங்கள். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் உள்ள முடிதிருத்தும் கடைகள், மாலை நேரக் காற்பந்துத் திடல், அடுக்குமாடியின் கீழ்த்தளத்து ஒட்டுக்கடை, லாரி நிறுத்துமிடம், பாதுகாவலர்களின் இரவுப் பணிக் கூண்டு. முதல் சில வாரம் எதையும் கேட்காதீர்கள். தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகலாம், போக வேண்டும். ஆனால் காவடியைப் பார்த்ததும் வீரம், வலி, ஆண் உடம்பு என்று எழுதத் தொடங்கிவிடாதீர்கள். ஒரு காவடியைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். தண்ணீர் தருபவர், காலை அமுக்கிவிடும் மச்சான், முன்னால் வழிவிடச் சொல்லும் அக்கா, அழுதுகொண்டே வரும் அம்மா. ஒருவர் 272 படி ஏறுவதற்கு ஒரு குடும்பமே தாங்குகிறது. ஆண்கள் பிறரிடம் தங்களை முழுதாக ஒப்படைப்பதைப் பார்க்கக் கிடைக்கும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று என்பது என் எண்ணம்.

கும்பல் இளைஞர்களைத்தான் ஆராய வேண்டும் என்று வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்ட பிறகு, தமிழ் இளைஞன் என்றாலே கும்பல் என்று எழுதும் பழக்கம் இன்னும் தடித்துவிட்டது. இந்தத் தலைப்பு தேவைதான். ஆனால் அனுபவம் உள்ள வழிகாட்டி இல்லாமல் முதல் ஆய்வாக இதை எடுக்காதீர்கள். உங்கள் பாதுகாப்பு ஒரு காரணம். அந்தப் பையன்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்குப் பெயர் கெட்டிருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

பெண்களிடமும் பேசுங்கள். அம்மா, மனைவி, மகள், அக்கா. ஆண்தன்மையை உருவாக்குவதிலும் காவல் காப்பதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதன் செலவைக் கட்டுபவர்களும் அவர்கள்தான்.

ஆறாம் படி: பேச உட்காருதல்

முறைவைத்து அழையுங்கள். உங்களைவிட மூத்தவரை 'அண்ணே' என்றால் பேச்சு திறக்கும். அறுபதைத் தாண்டியவர் 'ஐயா' என்றோ 'அங்கிள்' என்றோ அழைக்கப்படுவதை விரும்புவார். இருபது வயதுப் பையன் உங்களை அண்ணே என்று அழைத்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அவன் இனி அண்ணனிடம் சொல்லக்கூடியதைத்தான் சொல்வான் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். நீங்கள் பெண் என்றால், சில ஆண்கள் நண்பர்களிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வார்கள். சிலர் உங்கள் முன் நடிப்பார்கள். இரண்டுமே தரவுதான். ஆனால் தனியாக வீட்டுக்குப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் விசாரணை போல இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வாய்ப்பை உருவாக்குங்கள். கார் ஓட்டும்போது, கோயிலில் காய் வெட்டும்போது, மோட்டார் பழுது பார்க்கும்போது பேச்சு தானாக வரும்.

எப்படிக் கேட்பது என்பதற்கு ஓர் உதாரணம். செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு. சிறுநீரக நோயால் லாரி ஓட்டுவதை விட்டவர். வேலை போன பிறகு எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "ஒண்ணும் பெரிசா தெரியல தம்பி, உடம்புதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தால் ஏற்றுக்கொள்ளும் மனநிலை என்று எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். வேலைக்குப் போகாத முதல் காலையைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அவ மோட்டார எடுத்துக்கிட்டு வேலைக்குப் போவா. நான் மேல நின்னு பாப்பேன். எதிர் புளோக்குல ஒரு பெரியவரு இருக்காரு. அவரு அவளப் பாக்க மாட்டாரு, என்னத்தான் பாப்பாரு." சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தார்: "அன்னையிலேருந்து முடி வெட்டக்கூட வெளிய போறதில்ல. நான்தான் வெட்டி விடுறேன்."

ஏன் முடிதிருத்தும் கடைக்குப் போவதில்லை? அங்கே நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி வேலை எப்படிப் போகுது என்பதுதான். உத்தியோகம் புருஷ லட்சணம் என்று நாம் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழமொழி ஒரு மனிதரை எந்தக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்பது அந்த எதிர் புளோக்குப் பெரியவர் வழியாகத்தான் தெரிய வந்தது. அவருடைய நோயைப் பற்றி எவ்வளவு நேரம் கேட்டிருந்தாலும் இது வந்திருக்காது.

மொழி மாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று 'ஸ்ட்ரெஸ் லா' என்று ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ தாவினால், பெரும்பாலும் அங்கே ஏதோ கனமாக இருக்கிறது. சிரிப்பும் அப்படித்தான். அப்பா பெல்ட்டால் அடித்ததைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நீங்களும் சேர்ந்து சிரிக்காதீர்கள். முகத்தைச் சோகமாகவும் வைத்துக்கொள்ளாதீர்கள். "அப்ப வீட்டுல வேற யார் இருந்தாங்க?" என்று கேளுங்கள்.

ஏழாம் படி: அளவுகோல் பயன்படுத்துபவர்களுக்கு

ஓனீலின் 37 கூற்றுகளையோ, ஜேம்ஸ் மஹாலிக் குழு 2003இல் வெளியிட்ட 94 கூற்றுகள் கொண்ட ஆண் நெறி அளவுகோலையோ அப்படியே தமிழாக்கி விநியோகிக்காதீர்கள். உருவாக்கியவர்களின் அனுமதி பெறுங்கள். ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு சிலரிடம் கொடுத்து, ஒவ்வொரு கூற்றையும் படித்ததும் என்ன நினைத்தீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆண்கள் ஒருவரை ஒருவர் தொட்டு அன்பு காட்டுவதைப் பற்றிய கூற்றுகளில் கூடுதல் கவனம் வேண்டும். நம் பையன்கள் மச்சான் தோளில் கை போட்டுக்கொண்டு பத்துத் தெரு நடப்பார்கள். அதே பையன் தன் அப்பாவைக் கட்டிப்பிடித்தே இருக்க மாட்டான். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து உருவான கூற்றில் இந்த இரண்டும் ஒரே மதிப்பெண்ணில் கலந்துவிடும். யாரிடம் என்பதைப் பிரித்துக் கேட்காத எண் நமக்கு எதையும் சொல்லாது.

எட்டாம் படி: குறிப்பேட்டைப் படித்தல்

ஒவ்வொரு நேர்காணலுக்கும் நான்கு பத்தி போடுங்கள். என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், அவர் என்ன செய்தார், அதற்கு யார் விலை கொடுத்தார்கள். நான்காவது பத்தி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அதை நிரப்பத்தான் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் பேசச் சொன்னேன்.

ஒரே மனிதர் ஓர் இடத்தில் ஒடுக்கப்பட்டவராகவும் இன்னோர் இடத்தில் ஒடுக்குபவராகவும் இருப்பார். பகலில் மேலாளர் முன் குனிந்து நின்றவர் இரவில் வீட்டில் கை ஓங்குவார். இரண்டையும் எழுதுங்கள். முதலாவதை எழுதுவது இரண்டாவதை மன்னிப்பதற்காக அல்ல. 1994இல் நிறைவேறிய குடும்ப வன்முறைச் சட்டம் 1996 முதல் நடப்பில் உள்ள நாடு இது. அவமானப்பட்டும் அடிக்காத ஆண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்பதையும் தேடிப்போய்க் கேளுங்கள். பிரச்சினை உள்ளவர்களை மட்டுமே ஆராய்ந்து ஆண்களை எல்லாம் நோயாளிகளாக்கிய ஆய்வுகள் போதும். அமெரிக்க உளவியல் கழகம் 2018இல் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் உளவியல் உதவி தருவதற்கான 10 வழிகாட்டுதல்களை வெளியிட்டபோது, ஆண்மையையே நோயாக்குகிறார்கள் என்ற எதிர்ப்பு கிளம்பியது. அதை முழுதாகப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். தலைப்புச் செய்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

'நச்சு ஆண்மை' போன்ற முத்திரைகளை முதல் வரைவில் பயன்படுத்த வேண்டாம். முத்திரை விழுந்ததும் பார்ப்பது நின்றுவிடுகிறது. அவர் செய்ததை எழுதுங்கள். படிப்பவர் பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

கடைசி வேலை: திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுதல்

எழுதி முடித்ததும், சமர்ப்பிக்கும் முன், பேசியவர்களிடம் அவரவர் பகுதியைக் காட்டுங்கள். படிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மற்றவர்கள் முன்னால் வாசிக்காதீர்கள். அது அவருக்கு இன்னொரு சோதனையாகிவிடும். 'இதை எடுத்துவிடுங்கள்' என்று ஒருவர் சொன்னால் எடுத்துவிடுங்கள், அது உங்கள் ஆய்வின் மிகச் சிறந்த பகுதியாக இருந்தாலும். பல்கலைக்கழகத்தில் ஒரு படி போய்ச் சேரும். தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் ஒன்று எழுதி, நீங்கள் தே தாரிக் குடித்த அந்த ஒட்டுக்கடைக்கும், முடிதிருத்தும் கடைக்கும், கோயில் நிர்வாகத்துக்கும் கொடுங்கள். ஒலிப்பதிவுகளை எப்போது அழிப்பதாகப் படிவத்தில் எழுதினீர்களோ அந்தத் தேதியில் அழியுங்கள். அழித்துவிட்டேன் என்று அவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்.